காசு குடுத்துச் சைக்கிள் மிதிக்கப் போற பேரனுக்கு

ஃபோர்ட் கொச்சியைச் சைக்கிள்ல சுத்திப் பாக்கப் போறியாமா, கண்ணு? உன்ற அம்மா சொன்னா. முன்னால ஒரு வழிகாட்டி, தலைக்கு ஒரு தொப்பி, கைக்கு ஒரு பாட்டல் தண்ணி, நடுவுல ஒரு சாயா, எல்லாத்துக்கும் சேத்துப் போன்லயே பணம் கட்டியாச்சாமா. நெம்பச் சந்தோசம். நம்ம குடும்பத்துல காசுக்காகச் சைக்கிள் மிதிச்சவங்க நெறையப் பேரு உண்டு. காசு குடுத்து மிதிக்கற மொத ஆளு நீதான். உன்னைப் படிக்க வெச்சது வீண் போகல.

போக வேண்டாம்னு நான் சொல்லல. சொன்னா மட்டும் கேக்கப் போறியா? கெளம்பறதுக்கு முந்தி அப்புச்சி சொல்றதைச் சித்தக் காதுல வாங்கிக்க. இதுக்குப் பணம் கட்டோணும்னு இல்ல. அதனாலயே உனக்கு இதுல நம்பிக்கை வராதுங்கறதும் எனக்குத் தெரியும்.

மொதல்ல சைக்கிள். சரவணம்பட்டியில நீ குடியிருக்கற அடுக்குமாடியில, நின்ன எடத்துலயே மிதிக்கற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டு, அதுல உன்ற பனியனைக் காயப் போட்டிருக்கியே, அந்தப் பழக்கத்தை நம்பிப் போகாதே. அது வுழுகாது. கொச்சியில குடுக்கறது வுழுகும். எங்க காலத்துல நம்மூரு கொழிஞ்சாம்பாறையில வாடகைச் சைக்கிள் எடுத்தா, கடைக்காரரு நோட்டுல நேரம் எழுதிட்டுத்தான் குடுப்பாரு. கால் எட்டாதவனெல்லாம் பாருக்குக் கீழ காலை வுட்டுக் குரங்குப் பெடல் போடோணும். அப்பவும் வழிகாட்டி உண்டு. கேரியரைப் புடிச்சுட்டுப் பின்னாலயே ஓடி வர்ற மாமன் மகன்தான் அவன். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்"னு கத்திட்டே பாதி வழியில கையை வுட்டுட்டு நின்னுருவான். நம்ம பாட்டுக்குப் போயிட்டிருப்போம். இப்பத்த வழிகாட்டி முன்னால போறான், நீங்க பின்னால போறீங்க. அவன் கையை வுட்டுட்டான்னா ஊருக்கு வழி தெரியாது.

சைக்கிளுக்குப் பஞ்சாயத்துல வரி கட்டி வில்லை வாங்கோணும் அப்ப. ராத்திரி வெளக்கு இல்லாமப் போனாப் போலீசு. ரெண்டு பேரு ஏறிட்டுப் போனாலும் போலீசு. புடிச்சா வால்டியூபைப் புடுங்கி வுட்டுருவாங்க, வூடு வரைக்கும் தள்ளிட்டு வரோணும். அரிசிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்த அறுபதுகள்ல, எல்லையில இருக்கற வேலந்தாவளம் செக்போஸ்டைத் தொடாம இட்டேரி வழியா ராத்திரில போன சைக்கிளுங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வழி தெரிஞ்சவன் முன்னால, மூட்டை வெச்சவங்க பின்னால. அதுவும் வழிகாட்டி வெச்ச சைக்கிள் டூர்தான். வெளக்குப் போடக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, இருமல் வந்தா முழுங்கிக்கோணும். நான் போனேன்னு சொல்லல. போனவங்க சொன்னாங்க.

உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. சைக்கிள்ல இருபத்தோரு கியர் இருக்குதாமா. ஃபோர்ட் கொச்சியில மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. கடல்மட்டத்துக்கு எணையாக் கெடக்கற ஊரு. அத்தனை கியரையும் எங்க போடறதுன்னு வழிகாட்டிகிட்டக் கேட்டு வை. கோட்டைப் பக்கமிருந்து மட்டாஞ்சேரி கூப்புடு தூரத்துக்குச் சித்த அதிகம், அவ்வளவுதான். உன்ற அம்முச்சி தலையில கூடையோட சந்தைக்கு நடந்த தூரத்தை நீ ஹெல்மெட் போட்டுட்டுப் போகப் போறே. பத்திரம்.

அடுத்தது வெயிலு. வெளம்பரத்துல "வெயில் கொஞ்சும் கடற்கரை நகரம்"னு போட்டிருந்துச்சுன்னு காட்டுனியே, அதைப் பாத்து நான் ராத்திரியெல்லாம் தூங்கல. வெயில வெலை வெச்சு விக்கலாம்னு இத்தனை நாளு நம்ம எருத்தேம்பதிக்காரனுக்கு யாரும் சொல்லலையே! தண்ணிக்கு ஆழியாத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கற நேரத்துக்கு, வெயிலுக்கு ஒரு டிக்கெட்டுப் போட்டிருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்பான். ஆனா ஒண்ணு. நம்மூரு வெயிலு அடிச்சா அடிச்சதுதான், பொறகால பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வந்து ஆத்தி வுட்டுரும். கொச்சி வெயிலு அடிக்கவே அடிக்காது. சும்மா நிக்க வெச்சுப் புழுக்கி எடுக்கும். போட்ட சட்டை பத்து மணிக்குள்ள முதுகோட ஒட்டிக்கும். தெருவுக்குத் தெரு தூங்குமூஞ்சி மரம் பெருசு பெருசா நிக்குது, அதுங்க தயவுலதான் அங்க டூர் நடக்குது. ஜூன் மாசம் எறங்குனா வெயிலுக்குக் கட்டுன பணத்துக்கு மழையைத்தான் குடுப்பாங்க. திருப்பிக் கேக்காதே.

எர்ணாகுளத்துல எறங்குனதும் காரு புடிக்காதே, அப்புனு. படகுத்துறைக்குப் போயி, சர்க்காருப் படகுல நின்னுட்டே போ. கப்பலுங்களை இத்தனை கிட்டத்துல, இத்தனை கொறைஞ்ச காசுக்கு வேற யாரும் உனக்குக் காட்ட மாட்டாங்க. அந்தத் தண்ணியைப் பாக்கறப்ப ஒண்ணு நெனைச்சுக்க. 1341ல பெரியாத்துல ஒரு பெருவெள்ளம் வந்து, பழைய முசிறித் துறையைத் தூத்துட்டு, கொச்சி அழிமுகத்தைத் தொறந்து வுட்டுச்சுன்னு சரித்திரக்காரங்க சொல்றாங்க. பெரியாறு எறங்கி வர்றது எங்கிருந்து? இடுக்கி மலையில இருந்து. மலைத் தண்ணி ஒருக்காக் கோவிச்சுட்டு வந்ததுல கடலோரத்துக்கு ஒரு துறைமுகம் கெடைச்சுது. 2018 ஆகஸ்ட்ல மறுபடியும் கோவிச்சப்ப நெடும்பாசேரியில ஏரோப்ளேன் எறங்கற எடத்தையே மூடிப் போட்டுது. வழிகாட்டி இதையெல்லாம் போர்த்துகீசியர்ல இருந்து ஆரம்பிப்பான். அதுக்கு முந்தி அங்க பேசத் தெரிஞ்சவங்க யாரும் இல்லைங்கற மாதிரி.

சீனவலையில மொதல்ல நிறுத்துவாங்க. நாலஞ்சு பேரு சேந்து கயித்தை இழுக்கோணும், பொறத்தால பாறாங்கல்லுக கட்டித் தொங்கும், வலை மேல வரும். இப்பச் சில வலையில மரத்துக்குப் பதிலா இரும்புக் குழாய்தான். உன்னையும் கயித்தைப் புடிச்சு இழுக்கச் சொல்லி, போட்டோ எடுத்துட்டு, கடைசில கைநீட்டுவாங்க. ஏமாத்தறாங்கன்னு மொறைக்காதே. மாசக்கணக்குல வலையில மீனை விட ஆகாயத்தாமரைதான் அதிகம் ஏறுதுங்கறாங்க. மீனு குடுக்காத காசை நீ குடுக்கறே. பேரம் பேசாமக் குடு. காப்பிக்கடையில ஒரு கப்புக்கு நீ குடுக்கற காசை நான் பாத்திருக்கேன்.

அப்பறம் செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சு. 1524 கிறிஸ்துமசுக்கு மொத நாளு வாஸ்கோடகாமா கொச்சியில செத்தான், அங்கதான் பொதைச்சாங்க. பதினாலு வருசம் போல ஆனதும் எலும்பைத் தோண்டி எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டு போயிட்டாங்க. இப்ப அங்க இருக்கறது காலிக் குழி. காலிக் குழியைச் சுத்திக் கம்பி கட்டி வெச்சிருக்காங்க, யாரும் திருடிட்டுப் போகக் கூடாதுன்னு. தவறாம அதை ஒரு போட்டோ எடுத்து உன்ற சிநேகிதங்களுக்கு அனுப்பு. எடுத்துட்டு, அண்ணாந்து மேல பாரு. நீளமாத் துணி தொங்குதே, அதுதான் பங்கா. வெள்ளைக்காரன் சாமி கும்புடறப்ப வேர்க்கக் கூடாதுன்னு வெளிய ஒருத்தன் வெயில்ல உக்காந்து கயித்தை இழுத்தான். காமா பேரு கல்லுல இருக்குது. இழுத்தவன் பேரைக் கேட்டுப் பாரு, வழிகாட்டி சாயா குடிக்கலாமான்னு கேப்பான்.

மட்டாஞ்சேரி அரமனைக்கு வா. போர்த்துகீசியர் 1555ல கட்டிக் கொச்சி ராசா வீரகேரளவர்மருக்குக் குடுத்தது. கோயிலைக் கொள்ளையடிச்சதுக்குச் சமாதானமாக் குடுத்தாங்கன்னு ஒரு பேச்சு. 1663ல டச்சுக்காரன் வந்து மராமத்துப் பண்ணுனான். இன்னிக்கு அதுக்குப் பேரு டச்சு அரமனை. கட்டுனவன் ஒருத்தன், மராமத்துப் பண்ணுனவன் ஒருத்தன், பேரு பின்னால வந்தவனுக்கு. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல இருக்கற கல்லைப் படிச்சு வளந்தவன் நீ, உனக்கு இது புதுசில்ல. ராமாயணச் சித்திரம் சுவரு பூராவும் இருக்குது. அதுல மட்டும் அவசரப்படாதே. வழிகாட்டி கூப்புட்டாலும் நில்லு.

அங்க வெச்சு ஒரு கேள்வி கேட்டுறாதே, பாவம் அவன் தெகைச்சுருவான். "சித்தூர்த் தாலுக்கா யாரோடதுங்க?"ன்னு கேக்காதே. நம்ம கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளமெல்லாம் 1949 வரைக்கும் இந்த ராசாவோட மண்ணுதான். கொச்சி ராச்சியம் அக்கட்டக் கெடக்க, ஒரு துண்டு மட்டும் வெட்டிப் போட்டு இக்கட்டக் கெடந்துச்சு. சுத்தியும் வெள்ளைக்காரனோட மலபாரு, கெழக்க கோயமுத்தூர் ஜில்லா. என்ற அப்பன் வரி கட்டுனது அந்த அரமனைக்கு. அரமனைக்குப் பக்கத்துல இருக்கற ஃபோர்ட் கொச்சி இருக்குதே, அது ராசாவோடது இல்ல! 1795ல டச்சுக்காரன்கிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் புடுங்குனது. மலபார் ஜில்லாவுல சேத்துச் சென்னையில இருந்து ஆண்டாங்க, 1956ல கேரளம் ஆகற வரைக்கும். ஆக, என்ற அப்பனுக்குப் பக்கத்துல இருக்கற பாலக்காடு அந்நிய ராச்சியம். எத்தனையோ மைலு தள்ளி இருக்கற மட்டாஞ்சேரி உள்ளூரு. மட்டாஞ்சேரியில இருந்து சித்த நடந்து கோட்டைக்குள்ள நொழைஞ்சா மறுக்காவும் அந்நியம். இப்ப நீ பணம் கட்டிப் பாக்கப் போறியே, அது நாம வரி கட்டி வெச்சிருந்த வூடு. தள்ளுபடி உண்டான்னு கேட்டுப் பாரு.

யூதத் தெருவுப் பக்கம் போனா மொளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் மூக்கைத் தொளைக்கும். வழிகாட்டி ஒரு ஏலக்காயை எடுத்து நசுக்கி உன்ற மூக்குகிட்டக் கொண்டு வருவான். கூட வந்த வெள்ளைக்காரங்க கண்ணை மூடிட்டு ஆகா ஓகோன்னு சொல்வாங்க. நீயும் மொறையாச் சொல்லிரு. உன்ற சின்னம்மா வண்டன்மேட்டுல ஏலக்காட்டுக்காரன் வூட்டுல வாக்கப்பட்டு, தைக்குத் தை பை நெறைய அனுப்பறதையும், அதை நீ பாயசத்துல இருந்து பொறுக்கி எலையோரத்துல வெக்கறதையும் அங்க வெளிய வுட்டுறாதே. அந்த ஏலம் கொச்சியில வெளையறதில்ல. வெளையறது வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம். ஏலம் கூப்புடறது புற்றடியிலயும், மலைக்கு அந்தப்பக்கம் போடியிலயும். காய் பறிக்கறது யாரு? கம்பம், போடிப் பக்கமிருந்து விடியக் கருக்கல்ல ஜீப்புல நெருக்கியடிச்சு உக்காந்து மலையேறிட்டு, பொழுது சாய எறங்கற பொம்பளைங்க. தெனமும் மலை டூர். வழிகாட்டிக்கு அங்க கங்காணின்னு பேரு. தொப்பியும் பாட்டலும் குடுக்கறதில்ல.

ஆஸ்பின்வால் வூடுன்னு ஒண்ணு இருக்குது. பழைய ஏவாரக் கிடங்கு. 2012 டிசம்பர்ல இருந்து சில வருசத்துக்கு ஒருக்கா அங்க பெரிய கலைக் கண்காட்சி வெக்கறாங்க. அந்தச் சமயத்துல போனியானா, எது கலை, எது கொத்தனாரு மறந்துட்டுப் போனதுன்னு சட்டுனு சொல்லிறாதே. நெத்தியைச் சுருக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டு நகந்துரு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

இனி வெளையாட்டு இல்லாம ஒண்ணு சொல்றேன். ஃபோர்ட் கொச்சியில வெளிங்கற எடத்துல தோபி கானான்னு ஒண்ணு இருக்குது. வழிகாட்டி நிறுத்துனாலும் போட்டோ எடுக்கற நேரந்தான் நிறுத்துவான். நீ சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு எறங்கிரு. டச்சுக்காரன் பட்டாளத்துத் துணி வெளுக்கறதுக்கு 1720கள்ல தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிட்டு வந்த வண்ணார் குடும்பத்து வாரிசுங்க அங்க இன்னும் வேலை செய்யறாங்க. டச்சுக்காரன் போனான். இங்கிலீஷ்காரன் வந்தான், அவனும் போனான். ராசா போனாரு. துணி அழுக்காகறது மட்டும் நிக்கல, இவங்களும் போகல. இப்ப இருக்கற கட்டடம் 1976ல கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் குடுத்தது, வண்ணார் சங்கம் நடத்துது. வரிசையாத் தடுத்த தொட்டி, தொட்டிக்கொரு கல்லு. பின்னால மைதானம் பூராவும் கயித்துக் கொடி. அந்தக் கொடியைக் கிட்டப் போயிப் பாரு. ரெண்டு கயித்தை ஒண்ணா முறுக்கி, அந்த முறுக்குக்குள்ள துணி முனையைச் சொருகி வெச்சிருப்பாங்க. ஒரு கிளிப்பு கெடையாது. கடல்காத்து என்ன ஆட்டம் ஆடுனாலும் துணி எறங்காது. நீ இன்சினீயருக்குப் படிச்சவன், உன்ற வூட்டு மாடியில காயப் போட்ட துண்டு பக்கத்து வூட்டுல போயிக் கெடக்குது. கஞ்சி போட்டு, கரிப் பெட்டி வெச்சுத் தேய்ச்சு அடுக்கற அழகையும் பாரு.

அங்க தமிழ்ல பேசு. பதிலும் தமிழ்ல வரும், உன்ற தமிழை விட நல்லாவே வரும். ஆனா "நீங்க தமிழ்நாட்டுல எந்த ஊருங்க?"ன்னு மட்டும் கேட்டுறாதே, கண்ணு. முன்னூறு வருசமா அந்த மண்ணுல இருக்கறவங்களைப் பாத்து அப்படிக் கேக்கலாமா? உன்னைக் கேக்கறாங்களே, அது உனக்கு எப்படி இருக்குது? பாலக்காட்டு ஆபீசுல போயி வாயைத் தொறந்தாப் பாண்டிங்கறான். கோயமுத்தூர்ல போயி ஊரு பேரைச் சொன்னா மலையாளத்தாங்கறான். தேவிகுளம், பீர்மேட்டுத் தேயிலைக்காட்டுல நாலு தலைமொறையா இருக்கறவனையும் இதையேதான் கேக்கறாங்க. கோட்டை எந்தூரு, கோயில் எந்தூருன்னு யாரும் கேக்கறதில்ல. வேலை செய்யறவனைப் பாத்தா மட்டும் எந்தூருன்னு கேக்கத் தோணுது. நீ அங்க போயி டூருக்காரனா மாறிராதே. ரெண்டு வேட்டியைக் கொண்டு போயி வெளுக்கப் போடு, காசு குடு, ஞாயம் பேசிட்டு உக்காரு. வழிகாட்டி மணி அடிச்சா, அடிச்சுட்டுப் போகட்டும். நாங்க மணி இல்லாமயே ஊரு வந்து சேந்தவங்க.

வழிகாட்டிப் பையனைப் பத்தி ரொம்ப ஏளனமாப் பேசிட்டேனோ என்னமோ. அவனும் எதோ டிகிரி படிச்சுட்டு, அதே குழியைத் தெனமும் புதுசாக் காட்டறான். காட்டுனதையே காட்டிட்டு முகஞ்சுளிக்காம இருக்கறது லேசுப்பட்ட சோலியில்ல. நான் உனக்கு ஒரே கதையை ரெண்டாவது தடவை சொன்னாலே நீ போனை எடுத்துக்கறே. அவனுக்கு மனசார ஒரு சாயா வாங்கிக் குடு.

பொழுதோட, டூர் முடிஞ்சதும் கள்ளு ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போவாங்களாமா. "கொச்சியோட அசல் நாட்டுக் கள்ளு"ன்னு சொல்லிக் குடுவையை முன்னால வெப்பாங்க, பக்கத்துல கரிமீன் வறுவல். கேரளத்துல மாவட்டம் மாவட்டமாப் போற கள்ளுல பெரும்பங்கு நம்ம சித்தூர்த் தாலுக்காத் தோப்புல எறக்கறது. விடியாலயே வண்டியில ஏத்தி, எக்சைஸ் பெர்மிட்டோட மேக்க போகுது. அதுல எர்ணாகுளத்துக்கும் போகுது. நம்ம தென்னை மரத்துல எறங்குனது உனக்கு முந்தியே கொச்சிக்குப் போயி உக்காந்துட்டு, உன்கிட்டயே வெலை சொல்லும். கொல்லந் தெருவுல ஊசி விக்கற கதைதான். போற வழியில அது எப்படிப் பெருகுதுங்கறதை நான் கேக்கறதில்ல, நீயும் கேக்காதே. மீனை மட்டும் தின்னுட்டு வா. நீ குடிச்சது அம்முச்சிக்குத் தெரிஞ்சா என்னையத்தான் திட்டுவா, வூட்டுல இத்தனை நாளு அந்தக் குத்தம் என்ற பேருலதான் இருக்குது.

கடைசியா ஒண்ணு. யூதர் கோயில் 1568ல கட்டுனது. தரையில பாவியிருக்கற சீனத்து நீலக் கல்லு ஒண்ணைப் போல ஒண்ணு இருக்காது, கையால வரைஞ்சது. கும்புட்ட சனத்துல அநேகமா எல்லாரும் இஸ்ரேலுக்குப் போயாச்சு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகோணும். உன்ற டூர்ச் சீட்டுல அதுதான் பெருசாப் படம் போட்டிருக்குது, அதுக்குத்தான் நீ ஆசைப்பட்டுப் பணம் கட்டுனேன்னும் உன்ற அம்மா சொன்னா. சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுட்டு நானும் படிச்சேன். நீ கட்டியிருக்கறது சனிக்கெழமைக்கு. சனிக்கெழமை யூதர் கோயிலைத் தொறக்க மாட்டாங்க.